வலி நிவாரணி வேலை செய்யாதபோது வலிப்பு மருந்தையும் கவனியுங்கள்: தொடக்கநிலை செய்முறை விளக்கம்

மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலி நிவாரணி எடுத்துவரும் ஒருவருக்கு அதே அளவு மருந்தில் வலி முன்புபோல் அடங்கவில்லை என்றால், உடல் அதற்குப் பழகித் தாங்குதிறன் வந்துவிட்டது என்று குறித்துவிடுவது எளிது. அவர் வலிப்பு மருந்தும் எடுப்பவராக இருந்தால் அந்த முடிவு தவறிப்போகலாம். சில வலிப்பு மருந்துகள் தாங்குதிறனைத் தணிப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன, வேறு சிலவோ தாங்குதிறனைப் போன்றே தோன்றும் நிலையை உண்டாக்குகின்றன. செவிலியமும் மருந்தியலும் படிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கு இவற்றைப் பிரித்தறியும் முறையை இங்கே விளக்குகிறேன்.

படி 1: நோயை விலக்குங்கள்

நோய் முற்றியதால் வலி கூடியிருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். மருந்தளவைக் கூட்டக் கூட்ட வலி பரவி அதிகரித்தால், ஓபியாய்டே வலியுணர்வைத் தூண்டுகிறதா என்றும் ஐயப்பட வேண்டும்.

படி 2: கல்லீரல் வழியைச் சோதியுங்கள்

கார்பமாசெபைன், ஃபெனிடோயின், ஃபீனோபார்பிட்டால் ஆகியவை கல்லீரலில் சிஒய்பி3ஏ4 என்னும் நொதியின் அளவைப் பெருக்குகின்றன. ஃபென்டனில், ஆக்சிகோடோன், மெத்தடோன் போன்றவற்றைச் சிதைப்பதில் இந்த நொதிக்குப் பங்கு இருப்பதால், அவற்றின் இரத்த அளவு இறங்கி வலி திரும்புகிறது; மெத்தடோன் எடுப்பவருக்கு மருந்தை நிறுத்தியது போன்ற விலகல் அறிகுறிகளும் தோன்றலாம். நரம்பு மருந்துக்குப் பழகிவிடவில்லை, மருந்துதான் நரம்பை எட்டவில்லை. மார்ஃபின் முக்கியமாக வேறொரு நொதியால் மாற்றப்படுவதால் இந்த விளக்கம் அதற்கு அப்படியே பொருந்தாது.

எனவே வலிப்பு மருந்து தொடங்கிய தேதியையும் வலி திரும்பிய தேதியையும் அருகருகே எழுதிப் பாருங்கள். நொதி பெருகச் சில வாரங்கள் ஆகும் என்பதால் இரண்டுக்கும் இடையே அந்த இடைவெளி இருந்தால் ஐயம் வலுக்கிறது. பின்னாளில் வலிப்பு மருந்தை நிறுத்தும்போது நொதி குறைந்து, கூட்டி வைத்த ஓபியாய்டு அளவே நஞ்சாகக்கூடும் என்பதை, பலரும் மறந்துவிடுவதால், குறிப்பேட்டில் தனியாக எழுதி வையுங்கள்.

படி 3: நரம்பு வழியைப் புரிந்துகொள்ளுங்கள்

நரம்பணுக்களில் ஓபியாய்டு ஒட்டிச் செயல்படும் இடங்களான மியூ ஏற்பிகள் தொடர்ந்து தூண்டப்படும்போது மந்தமடைகின்றன. கூடவே, நரம்பணுக்களைக் கிளர்த்தும் வேதிப்பொருளான குளுட்டமேட் சார்ந்த கிளர்ச்சியும் ஓங்குகிறது. வலிப்பு மருந்துகளான கபாபென்டினும் பிரீகாபலினும் நரம்பணுவின் கால்சியம் வாயில்களில் உள்ள ஆல்ஃபா2டெல்டா என்னும் துணையலகில் ஒட்டிக்கொண்டு குளுட்டமேட் வெளியேற்றத்தைக் குறைக்கின்றன. கபாபென்டினை மார்ஃபினுடன் சேர்த்துக் கொடுத்த எலிகளில் தாங்குதிறன் உருவாவது தடைப்பட்டது. மனிதரில், 2005இல் வெளியான ஓர் ஆய்வு, நரம்புவலிக்கு இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது தனித்தனியே கொடுத்ததைவிடக் குறைந்த அளவுகளிலேயே கூடுதல் நிவாரணம் கிடைத்ததைக் காட்டியது. ஆயினும் அது கூட்டுப்பயனுக்கான சான்றேயன்றி, மனிதரில் தாங்குதிறன் தடைப்பட்டதற்கான சான்றாகாது.

படி 4: மூச்சைக் கண்காணியுங்கள்

தாங்குதிறன் வலிநீக்கத்துக்கு மட்டும் உரியதன்று. மூச்சை ஒடுக்கும் விளைவுக்கும் உடல் ஓரளவு பழகுகிறது. மார்ஃபினுக்குப் பழகிய சுண்டெலிகளில் பிரீகாபலின் அந்தப் பாதுகாப்பையும் கலைத்தது. போதாக்குறைக்கு, மார்ஃபின் குடலசைவை மந்தமாக்குவதால் கபாபென்டின் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது; 60 மில்லிகிராம் மார்ஃபினுக்குப் பின் கொடுத்த கபாபென்டினின் உடல் வெளிப்பாடு, அதாவது இரத்தத்தில் உடல் எதிர்கொள்ளும் மொத்த மருந்தளவு, 44 சதவீதம் உயர்ந்தது. இவ்வகை மருந்துகளை ஓபியாய்டுடன் சேர்ப்பதால் நேரும் மூச்சொடுக்கம் குறித்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019 டிசம்பரில் எச்சரித்தது. முதியோர், நுரையீரல் நோயாளிகள், சிறுநீரகம் தளர்ந்தவர்கள் ஆகியோரிடம் மருத்துவர் குறைந்த அளவில் தொடங்குவார். கபாபென்டின் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் அளவையும், அத்துடன் மயக்கநிலையையும் மூச்சு எண்ணிக்கையையும் குறித்து வாருங்கள். எந்த மருந்தின் அளவையும் மருத்துவர் சொல்லாமல் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பே திரும்பக்கூடும்.