பிளவு இருந்த இடத்தில் பல் வைக்கும் முன்

எனக்குப் பிறவியிலேயே இடப்பக்கம் உதட்டுப்பிளவும் அண்ணப்பிளவும். முன்பல்லுக்கும் கோரைப்பல்லுக்கும் நடுவில் வர வேண்டிய சின்னப் பல் முளைக்கவே இல்லை. பிளவோடு பிறந்த நிறையப் பேருக்கு இல்லாமல் போவது அந்தப் பல்தான். 12 வருடம் ரோஸ் நிறப் பிளேட்டில் கழற்றி மாட்டும் பல் போட்டிருந்தேன். ஹாஸ்டலில் எல்லோரும் தூங்கிய பிறகுதான் அதைக் கழற்றி டம்ளர் தண்ணீரில் போடுவேன். 24 வயதில் இம்பிளாண்ட், அதாவது தாடை எலும்பில் திருகு பதித்து அதன் மேல் கட்டும் பல், வைத்துக்கொண்டேன்.

15 வயதிலேயே ஒரு கிளினிக்கில் "அடுத்த வாரமே வைத்துவிடலாம்" என்றார்கள். அம்மாவும் பணத்தோடு தயாராகிவிட்டார். அந்த வயதில் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். டைட்டானியத் திருகு எலும்போடு இறுகிவிடும், தாடை வளரும்போது கூடவே நகராது. பக்கத்துப் பற்கள் இறங்கி வர, அது மட்டும் மேலேயே நின்றுவிடும். பெண்களுக்குக் குறைந்தது 17, 18 வயது ஆக வேண்டும். ஆண்களுக்குப் பெரும்பாலும் இன்னும் சில வருடம். வளர்ச்சி நின்றுவிட்டதா என்று டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம் எலும்பு. பிளவு ஈறு வரை போயிருந்தால் அங்கே திருகு பிடிக்க எலும்பே இருக்காது. கோரைப்பல் இறங்கும் முன், பெரும்பாலும் 8 முதல் 11 வயதுக்குள், இடுப்பெலும்பிலிருந்து எடுத்து அந்த இடத்தை நிரப்புவார்கள். எனக்கு 10 வயதில் செய்தார்கள். வாயைவிட இடுப்புதான் வலித்தது, ஒரு வாரம் அப்பா தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஆனால் நிரப்பிய எலும்பில் பல் எதுவும் நிற்காவிட்டால் அது மெல்ல மெல்லக் கரைந்துவிடும். 23 வயதில் எடுத்த 3டி ஸ்கேனில் என் எலும்பு ஓரத்தில் காகிதம் போல மெலிந்திருந்தது. அதனால் மறுபடி எலும்பு வைத்து, ஐந்து மாதம் கழித்துத் திருகு. எலும்பு வைத்து நான்கு முதல் ஆறு மாதத்தில் திருகு வைத்துவிடுங்கள், அதற்கு மேல் தள்ளிப்போடாதீர்கள், வைத்த எலும்பு நமக்காகக் காத்திருக்காது. திருகு இறுகவும் சில மாதம் ஆகும். அப்புறம்தான் மேலே பல்.

முதல் நாள் போகும்போது பழைய ஆபரேஷன் சீட்டுகளை எல்லாம் எடுத்துப் போங்கள். குடிக்கும் தண்ணீர் மூக்கில் வருகிறது என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் உள்ள அந்த ஓட்டையை மூடாமல் எலும்பு வைத்தால் சீழ் பிடிக்கலாம். கிளிப் போட்ட டாக்டர், தாடை ஆபரேஷன் செய்பவர், பல் கட்டுபவர் மூவரும் ஒன்றாகப் பேசட்டும். வெளியே இடைவெளி சரியாகத் தெரிந்தாலும் உள்ளே பக்கத்துப் பற்களின் வேர்கள் சாய்ந்து இடத்தை அடைத்திருக்கலாம். எனக்கு அதற்காகவே கம்பியை இன்னும் நான்கு மாதம் வைத்திருந்தார்கள். "கோரைப்பல்லையே முன்னால் நகர்த்தி, தேய்த்து, சின்னப் பல் போல ஆக்கிவிட முடியுமா?" என்றும் கேளுங்கள். முடியும் என்றால் திருகே வேண்டாம்.

பிளவுப் பக்கம் ஈறு சற்று ஏறியிருப்பதால் புதுப்பல் நீளமாகத் தெரியலாம். கட்டும் முன் கண்ணாடி முன்னால் நன்றாகச் சிரித்துக் காட்டுங்கள், உதடு எவ்வளவு தூக்குகிறது என்று அவர்கள் பார்க்கட்டும். சிகரெட் பிடிப்பவர்கள் விட்டுவிடுங்கள். தழும்பு உதட்டை இழுத்துப் பிடிப்பதால் எனக்கு அந்தப் பக்கம் பிரஷ் சரியாகப் போகாது. இடது விரலால் உதட்டைத் தூக்கிக்கொண்டு, பல்லிடுக்கில் நுழைகிற சின்னப் பிரஷால் தினமும் ராத்திரி துலக்குகிறேன்.