அடுக்குமாடிக் குடியிருப்பில் உங்கள் கார் நிறுத்துமிடத்தின் உரிமையைச் சரிபார்ப்பது எப்படி?

சென்னையில், தரைத்தளம் முழுவதும் வண்டிகளுக்காகத் தூண்களோடு திறந்து விடப்பட்ட, பன்னிரண்டு வீடுகள் கொண்ட நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் மறுவிற்பனை வீடு வாங்கினேன். குடிவந்த முதல் வாரத்திலேயே, நான் கார் நிறுத்திய இடம் தம்முடையது என்று மேல்மாடிக்காரர் வந்து நின்றார். அவரிடமும் என்னிடமும் பில்டர் கையெழுத்திட்ட ஒதுக்கீட்டுக் கடிதங்கள் இருந்தன. இரண்டிலும் எண் 7 என்றே இருந்தது. அந்தச் சிக்கலைத் தீர்க்க எட்டு மாதங்கள் ஆயின. எந்த வரிசையில் வேலை செய்திருந்தால் இரண்டே மாதங்களில் முடிந்திருக்குமோ, அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன். இது தமிழ்நாட்டுக் கட்டடங்களுக்கு உரியது.

முதல் படி: பத்திரத்தின் கடைசிப் பக்கங்களைப் படியுங்கள்

கிரயப் பத்திரம், கட்டுமான ஒப்பந்தம், ஒதுக்கீட்டுக் கடிதம் ஆகிய மூன்றையும் ஒரே மேசையில் விரித்து வையுங்கள். கிரயப் பத்திரத்தில், முன்பகுதியிலுள்ள விவரிப்பைக் காட்டிலும் இறுதியில் வரும் சொத்து விவரமே முக்கியமானது. பிரிபடாத பாக நிலத்தின் (மொத்த மனையில் உங்கள் வீட்டுக்குரிய பங்கின்) அளவு, வீட்டின் பரப்பு இவற்றோடு கார் நிறுத்துமிடமும், அதற்கு எண்ணும் அங்கே எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். எங்கள் இருவரின் பத்திரங்களிலும் ‘ஒரு கார் நிறுத்துமிடம்’ என்று மட்டுமே இருந்தது. எண் 7 என்பது பதிவு செய்யப்படாத கடிதத்தில்தான் இருந்தது. பழைய உரிமையாளரின் பத்திரம் கையில் இல்லையென்றால், பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்து, அதிலுள்ள ஆவண எண்ணைக் கொண்டு சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கலாம்.

இரண்டாம் படி: அனுமதிக்கப்பட்ட வரைபடத்தைப் பெறுங்கள்

நான் அதிக நாள்களை இழந்தது இந்தப் படியில்தான். விற்பனையின்போது பில்டர் கொடுக்கும் வண்ண வரைபடம் வேறு, திட்ட அனுமதியின்போது முத்திரையிடப்பட்ட வரைபடம் வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது. அது வீட்டு உரிமையாளர் சங்கத்திடம் இல்லையென்றால், அனுமதி வழங்கிய அலுவலகத்திடம் 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் நகல் கேட்கலாம். விடை தருவதற்கு 30 நாள்கள் வரை ஆகலாம்.

என் முதல் விண்ணப்பத்தில் தெருப் பெயரையும் கதவு எண்ணையும் மட்டுமே எழுதியிருந்தேன். சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு என்பதையும், திட்ட அனுமதிக் கோப்புகள் சர்வே எண்ணாலும் அனுமதி எண்ணாலும் தேடப்படுபவை என்பதையும் நான் எண்ணிப் பார்க்கவில்லை. கட்டடத்தை அடையாளம் காண இயலவில்லை என்று விடை வந்தது. சர்வே எண், பிளாக் எண், கிராமத்தின் பெயர், திட்ட அனுமதி எண், அனுமதி வழங்கப்பட்ட ஆண்டு ஆகிய ஐந்தையும் கிரயப் பத்திரத்திலிருந்தே எடுத்து எழுதுங்கள். ‘தரைத்தள வாகன நிறுத்த அமைப்பைக் காட்டும் முத்திரையிட்ட வரைபடத்தின் நகல்’ என்று கேட்பது எதுவென்பதையும் திட்டவட்டமாகக் குறிப்பிடுங்கள்.

வரைபடம் வந்தபோது உண்மை வெளிப்பட்டது. அதில் கார்களுக்கு இருந்தவை பத்து இடங்கள், கடிதங்களோ பன்னிரண்டு. எண் 7 இரண்டு பேருக்குத் தரப்பட்டிருந்தது. எண் 11 என்று மஞ்சள் கோடு போட்டிருந்த இடம், வரைபடத்தில் வண்டிகள் உள்ளே வந்து திரும்பும் பாதை.

மூன்றாம் படி: தரையில் அளந்து பாருங்கள்

ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் என்பது விதி. கைப்பேசிச் செயலிகளை நான் நம்புவதில்லை. தூண்களுக்கு இடையே அவை காட்டும் அளவு ஒவ்வொரு முறையும் மாறுகிறது. கொத்தனார்கள் பயன்படுத்தும் 30 மீட்டர் நாடாவை வாங்கி, வரைபடத்தை ஏ3 தாளில் அச்சிட்டு, பக்கத்து வீட்டுக்காரரையும் உடன் வைத்துக்கொண்டு அளந்து, அளவுகளை அந்தத் தாளிலேயே எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அளந்தது ஒருவராக இருந்தால், அந்த அளவே புதிய வாதத்துக்குக் காரணமாகிவிடும்.

நான்காம் படி: எது பொது, எது தனிப்பயன்பாடு என்று பிரியுங்கள்

2016 ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், திறந்தவெளி வாகன நிறுத்துமிடங்களையும் தரைக்குக் கீழுள்ள பொதுவான தளங்களையும் பொதுப் பகுதிகள் என்றே வரையறுக்கிறது. கூரையும் மூன்று பக்கச் சுவர்களும் உள்ள இடத்தை மட்டுமே அது ‘கராஜ்’ என்கிறது. மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் எழுந்த ஒரு வழக்கில், தூண் தளத்தை பில்டர் தனிச் சொத்தாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஆகவே, ஒதுக்கீட்டுக் கடிதம் உங்களுக்குத் தருவது பயன்படுத்தும் உரிமையை; அதை நிலத்தின் கிரயமாகக் கருத வேண்டாம். வீட்டை வைத்துக்கொண்டு நிறுத்துமிடத்தை மட்டும் வெளியாருக்கு விற்க முனைவோருக்கும் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

விற்பனைக்குப் பிறகு பொதுப் பகுதியின் வரைபடத்தை பில்டர் மாற்ற வேண்டுமானால், வீடு வாங்கியோரில் மூன்றில் இரண்டு பங்கினரின் முன் எழுத்து ஒப்புதல் வேண்டும் என்று இதே சட்டத்தின் 14 ஆவது பிரிவு கூறுகிறது.

ஐந்தாம் படி: பொதுக்குழுவில் தீர்மானமாக்குங்கள்

வாட்ஸ்அப் குழுவில் பேசி முடிவெடுக்காதீர்கள். முறையான அறிவிப்பு கொடுத்துப் பொதுக்குழுவைக் கூட்டி, முத்திரையிட்ட வரைபடத்தை அனைவருக்கும் காட்டிய பின்னரே பேச்சைத் தொடங்குங்கள். பதிவு செய்யப்பட்ட பத்திரத்தில் எண்ணோடு ஒருவருக்கு இடம் இருந்தால், பெரும்பான்மைத் தீர்மானத்தால் மட்டும் அதைப் பறித்துவிடலாம் என்று சங்கம் நினைக்கக் கூடாது. எங்களில் எவருடைய பத்திரத்திலும் எண் இல்லாததால் அனைவரும் சமநிலையில் இருந்தோம். பன்னிரண்டு வீடுகளுக்குப் பத்து இடங்களே இருந்ததால், கார் இல்லாத இருவர் அந்த ஆண்டுக்குத் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்தனர். அதனால் அவர்களுடைய உரிமை நீங்காது என்பதையும், ஆண்டுதோறும் மறுபடி முடிவு செய்யப்படும் என்பதையும் தீர்மானத்திலேயே எழுதினோம். அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் அவர்கள் சம்மதித்திருக்க மாட்டார்கள். பதினோராம் இடத்தின் மஞ்சள் கோட்டை அதே வாரம் அழித்தோம்.

சக்கரத்தில் காற்றைப் பிடுங்குவது, தண்ணீரை நிறுத்துவது போன்றவற்றில் ஒருபோதும் இறங்காதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வழக்கு உங்கள் மேல் வரும்.

பில்டரோடு தீராவிட்டால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான திட்டங்களுக்கு அதே 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31 ஆவது பிரிவின்படி அங்கே புகார் அளிக்கலாம். பழைய கட்டடங்களுக்கு நுகர்வோர் ஆணையமும் உரிமையியல் நீதிமன்றமும் உள்ளன. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக் காலவரம்பு உண்டு என்பதால் பேச்சுவார்த்தையிலேயே நாள்களைக் கழித்துவிடாதீர்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்த சிலர் வாடகைதாரரைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். வாடகை ஒப்பந்தத்தில் நிறுத்துமிடத்தின் எண்ணை எழுதி, அதன் நகலைச் சங்கச் செயலரிடம் கொடுத்துவிட்டால், காவலாளியிடம் வாக்குவாதம் செய்ய வேண்டியிராது.

மின்சாரக் கார் வாங்கிய ஒருவர், சங்கம் சார்ஜர் வைக்க மறுப்பதாக எழுதியிருந்தார். வீட்டிலுள்ள மின் இணைப்பைக் கொண்டே வண்டிக்கு மின்னேற்றலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. இருப்பினும், கம்பி பொதுச் சுவர் வழியாக வருவதால், உங்கள் மீட்டரிலிருந்து தனி பிரேக்கரோடு இணைப்பு வருவதைக் காட்டும் வரைபடத்தை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரிடம் வாங்கி, அதை இணைத்தே சங்கத்துக்கு விண்ணப்பியுங்கள். எங்கள் கட்டடத்தில் முதல் சார்ஜருக்கு எழுந்த தயக்கம், அந்த வரைபடத்தைக் காட்டிய பிறகுதான் நீங்கியது.