கியான்டி கிளாசிக்கோ: பாட்டிலைப் பார்த்து வாங்குவது எப்படி?

கியான்டி என்ற இத்தாலியச் சிவப்பு ஒயினின் பெயர் போட்ட இரண்டு பாட்டில்கள் அலமாரியில் அடுத்தடுத்து நிற்கும். ஒன்றின் கழுத்தில் கருப்புச் சேவல் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. விலையும் வேறு. புதிதாக இத்தாலிய ஒயின் வாங்குகிறவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். சேவல் உள்ளதைக் கையில் எடுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படி 1: பெயரை முழுசாகப் படியுங்கள்

‘கியான்டி’ வேறு, ‘கியான்டி கிளாசிக்கோ’ வேறு. இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் ஃப்ளாரன்ஸ், சியெனா நகரங்களுக்கு நடுவே இருக்கும் மலைப்பகுதிதான் பழைய கியான்டி. டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ 1716-இலேயே அதற்கு எல்லை வகுத்து ஆணையிட்டார். 1932-இல் அரசு அந்தப் பெயரைச் சுற்றுவட்டாரத்துக்கும் விரித்துக் கொடுத்தது. ராடா, காயோலே, காஸ்டெல்லினா போன்ற பழைய ஊர்களுக்குத் தங்களைப் பிரித்துக் காட்ட ‘கிளாசிக்கோ’ என்ற ஒட்டுதான் மிஞ்சியது. சொந்தப் பெயருக்கே அடைமொழி தேட வேண்டிய நிலை அவர்களுக்கு வந்ததில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. 1996 முதல் கிளாசிக்கோவுக்குத் தனி விதிமுறை இருக்கிறது.

படி 2: சேவலைத் தேடுங்கள்

ஒரு பழைய கதை உண்டு. ஃப்ளாரன்ஸுக்கும் சியெனாவுக்கும் இருந்த எல்லைத் தகராறைத் தீர்க்க, சேவல் கூவியதும் இரு நகரங்களிலிருந்தும் ஒரு குதிரைவீரன் கிளம்புவது, இருவரும் சந்திக்கும் இடமே எல்லை என்று பேச்சாம். சியெனாக்காரர்கள் வெள்ளைச் சேவலுக்கு வயிறாரத் தீனி போட்டார்கள். ஃப்ளாரன்ஸ்காரர்களோ கருப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள். பசியில் அது விடியும் முன்பே கூவிவிட்டது. ஃப்ளாரன்ஸ் வீரன் சியெனாவை நெருங்கிவிட்டான். கதைதான் என்றாலும் அந்தச் சேவலே உற்பத்தியாளர் சங்கத்தின் முத்திரையாகிவிட்டது. கூடவே, எண் அச்சிட்ட அரசு முத்திரைப் பட்டையும் கழுத்தில் ஒட்டியிருக்க வேண்டும்.

படி 3: திராட்சை

குறைந்தது 80 சதவீதம் சான்ஜொவேசே என்ற சிவப்புத் திராட்சை. மீதி 20 சதவீதம் கனாயோலோ, கொலோரினோ, மெர்லோ போன்ற சிவப்பு ரகங்களாக இருக்கலாம். முன்பு வெள்ளைத் திராட்சையும் கலப்பார்கள்; 2006 அறுவடையிலிருந்து அதற்குத் தடை. நல்ல முடிவு என்பேன். ஒரு ஹெக்டேரில் 7.5 டன்னுக்கு மேல் எடுக்கவும் கூடாது. கொடியில் குலை குறைந்தால் பழத்தில் சாரம் கூடும்.

படி 4: எத்தனை நாள் வைத்திருந்தார்கள்?

பாட்டிலில் வேறு எதுவும் போடாவிட்டால் சாதாரண வகை, விற்கும் முன் குறைந்தது 12 மாதம் வைத்திருப்பார்கள். ‘ரிசெர்வா’ என்றிருந்தால் 24 மாதம். ‘கிரான் செலெட்சியோனே’ என்றால் 30 மாதம், அதோடு திராட்சை முழுக்க அந்தப் பண்ணையிலேயே விளைந்ததாக இருக்க வேண்டும். ஆரம்பத்தில் சாதாரண வகையே போதும். பழத்தின் குணம் அதில்தான் நேராகத் தெரியும்.

படி 5: ஊற்றிப் பாருங்கள்

16 முதல் 18 டிகிரி சூடு சரியாக இருக்கும். கண்ணாடிக் குவளையைச் சாய்த்து, பின்னால் வெள்ளைத் தாள் பிடியுங்கள். மாணிக்கச் சிவப்பு, ஓரத்தில் வெளிறி இருக்கும். முகர்ந்தால் புளிப்புச் செர்ரி வாசம். ஒரு வாய் குடித்ததும் எச்சில் ஊறும். அப்புறம் நாவல்பழம் தின்ற மாதிரி ஈறில் துவர்ப்பு பிடிக்கும். வெறும் வாயில் இது கொஞ்சம் முரடாகத்தான் தெரியும். தக்காளிச் சாறு போட்ட பாஸ்தாவோ நெருப்பில் வாட்டிய மாட்டிறைச்சியோ ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டு மறுபடி குடித்துப் பாருங்கள். அந்தத் துவர்ப்பு அடங்கி, செர்ரி முன்னால் வரும்.