மென்பொருள் ஜாம்பவான்கள் சொல்வதை எடைபோடுவது எப்படி?

எங்கள் டீமில் யாராவது ஒரு பிரபலத்தின் பேச்சைக் கேட்டுவிட்டு, "இனிமேல் நாமும் இப்படித்தான் செய்யணும்" என்று வந்தால், நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: அவர் இதை எங்கே செய்து பார்த்தார்?

பதில் தெரியாவிட்டால் மூலத்தைத் தேடிப் படியுங்கள். 'பத்து மடங்கு புரோகிராமர்' கதையையே எடுத்துக்கொள்வோம்: திறமையான ஒருவர் மற்றவரைவிடப் பத்து மடங்கு வேலை செய்வார் என்பது. அதற்கு அடிக்கடி காட்டப்படும் ஆதாரம், 1968-ல் சாக்மன், எரிக்சன், கிராண்ட் மூவரும் வெளியிட்ட ஆய்வு. அதில் இருந்த அனுபவசாலிகள் வெறும் 12 பேர். ஆய்வின் கேள்வியே வேறு: கம்ப்யூட்டரோடு நேரடியாக உட்கார்ந்து வேலை செய்வது நல்லதா, வேலையைக் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பது நல்லதா என்பதுதான். அதிலிருந்து எடுத்துக்காட்டப்படும் 28-க்கு 1 என்ற விகிதமும் (மிக மெதுவானவருக்கும் மிக வேகமானவருக்கும் உள்ள வித்தியாசம்), இந்த இரண்டு விதமாக வேலை செய்தவர்களையும் ஒன்றாகக் கலந்து ஒப்பிட்டதில் வந்தது.

வாட்டர்ஃபால், அதாவது ஒரு கட்டத்தை முழுக்க முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவது என்ற முறை, அதன் விஷயமும் அப்படித்தான். அதன் தந்தை என்று வின்ஸ்டன் ராய்ஸைச் சொல்கிறார்கள். ஆனால் 1970-ல் எழுதிய கட்டுரையில் அவர் அந்த முறையைப் படமாகப் போட்டுவிட்டு, இப்படியே செய்தால் ஆபத்து, தோல்வியில் முடியும் என்றுதான் எச்சரித்தார். அந்தக் கட்டுரை சில பக்கங்கள்தான், ஒரு மதியத்தில் படித்துவிடலாம். தயவுசெய்து படியுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்கும் பிரபலம் எப்போதாவது தன் கருத்தை மாற்றிக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். நான் மிகவும் மதிக்கும் அடையாளம் இது. ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம் வேலையை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ், கணினி விஞ்ஞானி டேவிட் பார்னாஸின் தகவல் மறைப்புக் கொள்கையை (ஒரு பகுதியின் உள்விவரம் மற்ற பகுதிகளுக்குத் தெரியக் கூடாது என்பது) 1975-ல் ஏற்கவில்லை. 1995-ல் 'தி மித்திக்கல் மேன்-மந்த்' என்ற தன் புத்தகத்தின் புதிய பதிப்பில், பார்னாஸ் சொன்னதே சரி, நான் சொன்னது தவறு என்று பகிரங்கமாக எழுதினார். அப்படிப்பட்டவரை நம்பிப் படிக்கலாம். மார்ட்டின் ஃபௌலரும் ஜேம்ஸ் லூயிஸும் 2014-ல் மைக்ரோசர்வீஸ், அதாவது ஒரு அப்ளிகேஷனைத் தனித்தனியாக இயங்கும் சிறு சேவைகளாகப் பிரிப்பது, பற்றி எழுதினார்கள். மறு வருடமே, முதலில் ஒரே அப்ளிகேஷனாகத் தொடங்குங்கள் என்று ஃபௌலர் எழுதினார். முதலாவதைப் படித்த எத்தனை பேர் இரண்டாவதைப் படித்தார்கள்?

அந்தப் பிரபலம் எதை விற்கிறார் என்பதையும் கவனியுங்கள். பயிற்சி வகுப்பு, சான்றிதழ், ஆலோசனை எதுவானாலும் சரி. விற்பது தப்பில்லை, ஆனால் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

செல்வாக்கை அளக்க ஃபாலோயர்களை எண்ண வேண்டாம். கென்ட் பெக்கும் எரிக் காமாவும் ஜாவா கோடை டெஸ்ட் செய்யும் ஜேயூனிட்டை உருவாக்கினார்கள். பைத்தான் மொழியின் டெஸ்ட் கருவியான யூனிட்டெஸ்ட் அதைப் பார்த்து வந்ததுதான். பெக் பெயரே தெரியாதவர்கள்கூட தினமும் அவர் வழியில் டெஸ்ட் எழுதுகிறார்கள். செல்வாக்கு என்றால் அது. ஆனாலும் அவர் சொல்வதெல்லாம் உங்கள் கோட்பேஸுக்குப் பொருந்தும் என்று ஆகிவிடாது.

அதனால் கேட்ட யோசனையை ஒரு சின்ன மாட்யூலில் மட்டும் இரண்டு ஸ்பிரின்ட் (டீம் வேலையைத் திட்டமிடும் குறுகிய காலக்கட்டம்) செய்து பாருங்கள். எது குறைய வேண்டும், எது கூட வேண்டும் என்பதை ஆரம்பிக்கும் முன்பே எழுதி வையுங்கள். முடிந்ததும், அந்த யோசனையை டீமில் அதிகம் எதிர்த்தவரையே முடிவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.