பந்தயத்தில் ஜெயித்த பணத்துக்கு வரி: தொழிலாக ஆடுபவர்கள் செய்யும் தவறுகள்

கிண்டி குதிரைப் பந்தயத்தை நம்பியே பல வருஷம் குடும்பம் நடத்திய ஒருவரை எனக்குத் தெரியும். எந்தக் குதிரையில் எவ்வளவு கட்டினார், என்ன வந்தது என்று கோடு போட்ட நோட்டில் தினமும் எழுதி வைப்பார். ஒரு வருஷம் தோற்ற டிக்கெட்டுகளில் 12 லட்சம் போயிருந்தது, ஜெயித்தவற்றில் 11 லட்சம் வந்திருந்தது. “ஒரு லட்சம் கையை விட்டுப் போயிருக்கு சார், இதுக்கு எதுக்கு ரிட்டர்ன்?” என்று கேட்டார். மேற்கு மாம்பலத்தில் உட்கார்ந்து நான் போட்டுக் காட்டிய கணக்கு இது: 11 லட்சத்துக்கு 30 சதவீதம், 3,30,000 ரூபாய். அதன் மேல் 4 சதவீத செஸ், 13,200. மொத்தம் 3,43,200. ஒரு லட்சம் நஷ்டப்பட்டவர் கட்ட வேண்டிய வரி அது. அவர் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை.

பந்தயத்தையோ சீட்டாட்டத்தையோ பிழைப்பாக வைத்திருப்பவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். தான் செய்வது தொழில், ஆகவே வரவில் செலவைக் கழித்து மிச்சத்துக்கு வரி கட்டினால் போதும் என்று நினைப்பது. கடைக்காரருக்கும் டாக்டருக்கும் அது பொருந்தும். ஆனால் லாட்டரி, குதிரைப் பந்தயம், சீட்டாட்டம், சூதாட்டம் இவற்றில் ஜெயித்த பணத்தை 1961 வருமான வரிச் சட்டம் தொழில் வருமானமாகப் பார்க்கவில்லை. ‘இதர வருமானம்’ என்ற தலைப்பில் போட்டு, 115பிபி பிரிவில் நேராக 30 சதவீதம் வாங்குகிறது. அந்த வருமானத்தை ஈட்ட ஆன எந்தச் செலவையும் கழிக்கக்கூடாது என்று 58(4) பிரிவு சொல்கிறது. தோற்ற டிக்கெட், ரயில் கட்டணம், குதிரைகளின் பழைய ரெக்கார்டு பார்க்க வாங்கிய புத்தகம், எதற்கும் கழிவு கிடையாது. முழுநேரம் ஆடுபவரும் ஓணத்துக்குக் கேரளா போன இடத்தில் ஒரு லாட்டரிச் சீட்டு வாங்கியவரும் இந்தச் சட்டத்தின் முன் ஒன்றே.

2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறின, 30 சதவீதம் மாறவில்லை. அதற்கு முந்தைய வருஷங்களுக்கு நான் சொல்லும் பழைய எண்கள்தான்.

இரண்டாவது தவறு இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது: “12 லட்சம் வரைக்கும்தான் வரியே கிடையாதே!” புதிய வரி முறையில் 12 லட்சம் வரை கிடைக்கும் தள்ளுபடி சாதாரண வருமானத்துக்கு உரியது. ஜெயித்த பணம் தனி விகிதத்தில் வரும் வருமானம், அதற்கு அந்தத் தள்ளுபடி இல்லை. அடிப்படை விலக்கு வரம்பும் இல்லை. வேறு வருமானமே இல்லாத ஒருவர் லாட்டரியில் 50,000 ரூபாய் ஜெயித்தால், முதல் ரூபாயிலிருந்து 30 சதவீதம். பழைய முறைக்கு மாறி எல்.ஐ.சி., பி.பி.எஃப். காட்டினாலும் இந்தப் பணத்தில் அதைக் கழிக்க முடியாது. ஷேர் மார்க்கெட்டில் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்த வியாபாரம்) நஷ்டம் இருந்தால் அதையும் இதில் கழிக்கக்கூடாது. எஃப் அண்ட் ஓவை நம் ஊரில் பாதிப் பேர் சூதாட்டம் என்றே சொல்வார்கள். சட்டத்துக்கு அது தொழில், அந்த நஷ்டத்தை 8 வருஷம் வரை முன்னால் கொண்டுபோகலாம். குதிரைப் பந்தயத்தில் தோற்றவருக்கு அந்தச் சலுகை ஒரு நாள்கூடக் கிடையாது.

அப்புறம் டி.டி.எஸ்., அதாவது பணம் கொடுப்பவரே பிடித்துக்கொண்டு கட்டும் வரி. “அவங்களே பிடிச்சுட்டுத்தான் கொடுத்தாங்க, என் கடமை முடிஞ்சுது” என்பார்கள். ஒரு கோடி ரூபாய் பரிசு வந்தது என்று வைத்துக்கொள்வோம். டி.டி.எஸ். 30 லட்சம் பிடிப்பார்கள். ஆனால் வருமானம் 50 லட்சத்தைத் தாண்டியதால் வரியின் மேல் 10 சதவீதம் சர்சார்ஜ் 3 லட்சம், இரண்டும் சேர்ந்த தொகைக்கு 4 சதவீதம் செஸ் 1,32,000. ஆக, இன்னும் 4,32,000 ரூபாய் பாக்கி. அதை முன்கூட்டிய வரியாக, அதாவது அந்த வருஷத்துக்குள்ளேயே தவணைகளில், கட்டவேண்டும். ஜெயித்த பிறகு வரும் தவணைகளில் கட்டினால் முந்தைய தவணைகளுக்கு வட்டி விழாது. கடைசித் தவணையான மார்ச் 15க்குப் பிறகு ஜெயித்திருந்தால் மார்ச் 31க்குள் கட்டலாம். பரிசுப் பணத்தில் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ஒரு வருஷம் கழித்து நோட்டீஸோடு வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கும். முதல் நாளே யாராவது அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, டி.டி.எஸ். பிடிக்கவில்லை என்றால் வரியே இல்லை என்று நினைப்பதும் உண்டு. 10,000 ரூபாய் என்பது பிடித்தம் செய்வதற்கான வரம்பு. அதற்குக் கீழே ஜெயித்தாலும் வருமானம் வருமானம்தான். நண்பர்கள் வீட்டில் காசு வைத்து ஆடிய சீட்டும் இதில் சேரும். கொழும்பு கேசினோவில் ஜெயித்ததும் அப்படித்தான். இந்தியாவில் வசிப்பவருக்கு உலகத்தில் எங்கே வந்த வருமானத்துக்கும் இங்கே கணக்குக் காட்டவேண்டும்.

ஆன்லைன் ஆட்டத்துக்குக் கணக்கு வேறு. 2023 ஏப்ரல் 1 முதல் 115பிபிஜே என்று தனிப் பிரிவு. இதில் நிகரமாக ஜெயித்த தொகைக்கு 30 சதவீதம். வருஷ ஆரம்பத்தில் கணக்கில் எதுவும் இல்லாமல் 50,000 போட்டு 80,000 எடுத்தால், நிகரம் 30,000, டி.டி.எஸ். 9,000. பணத்தை எடுக்காமல் வாலட்டிலேயே விட்டுவைத்தால் வரி தள்ளிப்போகும் என்று சிலர் நினைத்தார்கள். தப்பு. மார்ச் 31 அன்று வாலட்டில் இருப்பதையும் சேர்த்தே கணக்கு. இங்கே 10,000 ரூபாய் வரம்பும் இல்லை. காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்யும் மத்தியச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று ஒப்புதல் கிடைத்தது, பெரிய நிறுவனங்கள் உடனே காசு ஆட்டங்களை நிறுத்திக்கொண்டன. “ஆப்பே மூடியாச்சு, இனி என்ன கணக்கு?” என்று விட்டுவிடாதீர்கள். மூடுவதற்கு முன் ஜெயித்ததும் பிடித்த டி.டி.எஸ்.ஸும் உங்கள் பான் எண்ணில், வரித் துறை வைத்திருக்கும் 26ஏஎஸ் படிவத்திலும் ஏ.ஐ.எஸ். என்ற வருடாந்திரத் தகவல் அறிக்கையிலும் பதிவாகியிருக்கும்.

அதே மாதிரி, தடைசெய்யப்பட்ட ஆட்டத்தில் வந்த பணத்துக்கு வரித் துறை எப்படி வரி கேட்கும் என்றும் ஒரு வாதம். தமிழ்நாட்டில் லாட்டரி 2003லேயே தடையாகிவிட்டது. ஆனாலும் வருமானம் எந்த வழியில் வந்தது என்பதை வைத்து வரிச் சட்டம் விலக்கு கொடுப்பதில்லை. சொல்லாமல் மறைத்து, பின்னால் பிடிபட்டு, எங்கிருந்து வந்தது என்று விளக்க முடியாமல் போனால் பழைய சட்டப்படி வரி, சர்சார்ஜ், செஸ் சேர்த்து 78 சதவீதம். 30 சதவீதமும் செஸ்ஸுமாக 31.2ல் முடிந்திருக்க வேண்டியது.

இன்னொரு தவறு பழையது, ஆபத்தானது. வேறு வழியில் வந்த பணத்தை ‘ரேஸில் ஜெயித்தது’ என்று காட்டுவது. ஒரு காலத்தில் இது பெரிய வியாபாரமாகவே நடந்தது. 1972 வரை பந்தயத்தில் ஜெயித்த பணத்துக்கு வரி கிடையாது. ஆகவே ஜெயித்த டிக்கெட்டைக் கூடுதல் விலைக்கு வாங்கிக் கறுப்பை வெள்ளையாக்கினார்கள். பெங்களூர், மெட்ராஸ், ஹைதராபாத் மூன்று ஊர் ரேஸிலும் ஜாக்பாட் அடித்ததாகக் கணக்குக் காட்டிய ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1995ல் தீர்ப்பு வந்தது. ஜெயித்ததற்குக் காகிதம் இருந்தது, ஆனால் நடைமுறையில் அப்படி நடப்பது சாத்தியமா என்று பார்த்து நீதிமன்றம் அதை நம்ப மறுத்தது. வரி வந்த பிறகு அவர் ரேஸ் பக்கமே போகவில்லை என்பதும் கவனிக்கப்பட்டது.

சின்னச் சின்னத் தவறுகளும் உண்டு. சம்பளக்காரர்கள் வழக்கம்போல ஐ.டி.ஆர்.-1 போட்டுவிடுவார்கள். லாட்டரி, பந்தய வருமானம் இருந்தால் அந்தப் படிவம் செல்லாது, ஐ.டி.ஆர்.-2 அல்லது 3 போடவேண்டும். ஆட்டம் சொல்லிக்கொடுத்து ஃபீஸ் வாங்குபவர்கள், வீடியோ போட்டு விளம்பர வருமானம் பார்ப்பவர்கள், அதையும் ஜெயித்த பணத்தோடு சேர்த்து 30 சதவீதம் கட்டிவிடுகிறார்கள். அது தொழில் வருமானம், செலவைக் கழிக்கலாம், சாதாரண விகிதம்தான். சொந்தமாகப் பந்தயக் குதிரை வளர்ப்பவருக்கும் பராமரிப்புச் செலவைக் கழிக்கச் சட்டமே இடம் தருகிறது. முந்தைய வருஷங்களில் காட்டாமல் விட்டவர்கள் பயந்து ஒளிய வேண்டாம். திருத்தி ரிட்டர்ன் போடச் சட்டம் இப்போது நான்கு வருஷ அவகாசம் தருகிறது. ஆனால் தாமதம் கூடக்கூட, கூடுதல் வரி 25 சதவீதத்திலிருந்து 70 வரை ஏறும்.

சரி, தொழிலாக ஆடுபவர் வரி கட்டத்தான் வேண்டுமா? கட்டவேண்டும் என்பதுதான் என் கருத்து. கோயம்பேட்டில் மூட்டை தூக்குபவர் வாங்கும் சோப்பிலும் வரி இருக்கும்போது, ஜாக்பாட் மட்டும் தப்பிக்கக்கூடாது. ஆனால் நஷ்டத்தைக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டேன் என்று சட்டம் சொல்வது சரியில்லை. இங்கிலாந்தில், குதிரைப் பந்தயத்தாலேயே வாழ்ந்த ஒருவரின் வழக்கில், அது வியாபாரமே அல்ல, வரி இல்லை என்று 1925லேயே சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவில் க்ரோட்ஸிங்கர் என்பவர் 1978ல் வாரத்துக்கு 60 முதல் 80 மணி நேரம் நாய்ப் பந்தயத்தில் செலவழித்தார். 70,000 டாலர் ஜெயித்தார், 72,032 டாலர் கட்டியிருந்தார். அது அவருடைய தொழில்தான் என்று 1987ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றது. அங்கே ஜெயித்த தொகை அளவுக்கு நஷ்டத்தைக் கழிக்கலாம் என்றுதான் வெகுகாலம் இருந்தது, 2026 முதல் நஷ்டத்தில் 90 சதவீதம் என்று குறைத்திருக்கிறார்கள். அதே மனிதர் சென்னையில் இருந்திருந்தால் 2,032 டாலர் நஷ்டத்தோடு 21,000 டாலர் வரியும் கட்டியிருப்பார்.

குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, வெறும் அதிர்ஷ்டம் அல்ல என்று 1996ல் உச்ச நீதிமன்றம் சொன்னது மெட்ராஸ் ரேஸ் கிளப் சம்பந்தப்பட்ட வழக்கில்தான். திறமை என்று ஒரு சட்டத்தில் ஒப்புக்கொண்டுவிட்டு, வரிச் சட்டத்தில் மட்டும் லாட்டரியோடு சேர்த்து வைப்பது எனக்கு ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஜெயித்த தொகை அளவுக்காவது அதே வருஷத்து நஷ்டத்தைக் கழிக்க விடலாம். அந்த மாற்றம் வராத வரை, நோட்டு எழுதுபவர்கள் இரண்டு பத்தி போடட்டும்: ஒன்றில் கையில் மிஞ்சியது, இன்னொன்றில் ஜெயித்தது மட்டும். இரண்டாவது பத்தியில் விழும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் 31 ரூபாய் 20 காசை அன்றைக்கே வேறு வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். என் கிண்டி நண்பர் கடைசி சில வருஷம் அப்படித்தான் செய்தார். ஆடும் தொகை அதிலேயே பாதியாகக் குறைந்துவிட்டது.