ரயிலில் போகலாமா? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புதிதாக வந்தவர்களுக்கு

ராத்திரி ரயில் ஏறிப் பழகிய நமக்கு, வெளிநாடு வந்ததும் தூரத்து ஊருக்கு ரயிலிலேயே போய்விடலாமே என்றுதான் தோன்றும். ஐரோப்பாவில் பெரும்பாலும் அது நல்ல யோசனை. அமெரிக்காவில் எந்த ஊர், எவ்வளவு அவசரம் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பாரிஸிலிருந்து மார்செய் ஏறத்தாழ 750 கிலோமீட்டர். பிரான்ஸின் அதிவேக ரயிலான டிஜிவி மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலே எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் விமானத்துக்குப் பதிலாக ரயிலை எடுக்கத் தோதான தடம் என்றால் பாஸ்டன், நியூயார்க், வாஷிங்டன் தடத்தைத்தான் முதலில் சொல்வேன். மற்ற இடங்களில், அமெரிக்காவின் தூரப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக் பெரும்பாலும் சரக்கு ரயில் கம்பெனிகளின் தண்டவாளத்தில்தான் ஓடுகிறது. பயணிகள் ரயிலுக்கே முன்னுரிமை என்று சட்டம் இருந்தும், சரக்கு ரயிலுக்காகக் காத்து நிற்பது சகஜம். சில ரயில்கள் வாரத்தில் 3 நாள்தான் வரும். அதனால் இன்டர்வியூ, விசா வேலை இருக்கிற நாளன்று போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் எடுக்காதீர்கள்.

அவசரமில்லையா? அப்படியானால் சிகாகோவிலிருந்து கலிபோர்னியா வரை ஓடும் கலிபோர்னியா செஃபிர் ரயிலில் ஒரு முறை போய்ப் பாருங்கள். 50 மணி நேரத்துக்கு மேல் ஆகும். டென்வர் தாண்டி ராக்கி மலைக்குள் கொலராடோ ஆற்றை ஒட்டியே ரயில் போகும். வேடிக்கை பார்க்கவே பெரிய கண்ணாடி வைத்த தனிப் பெட்டி உண்டு. ரூமெட் என்ற சின்னத் தனியறை எடுத்தால் படுக்கையும் சாப்பாடும் கட்டணத்திலேயே அடக்கம். சைவக்காரர்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போவது நல்லது.

ஐரோப்பாவில் கவனம் டிக்கெட்டில் இருக்க வேண்டும். ஜெர்மனியின் மலிவான ஸ்பார்பிரைஸ் டிக்கெட் குறிப்பிட்ட அந்த ரயிலுக்கு மட்டும்தான். ஆனால் 20 நிமிடமாவது தாமதமாகப் போய்ச் சேரும் என்று தெரிந்துவிட்டால் வேறு ரயிலில் ஏறலாம். ஒரு மணி நேரம் தாமதமானால் பொதுவாகக் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரமானால் 50 சதவீதம் திரும்பக் கிடைக்கும். நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும், கூச்சப்படாதீர்கள். உள்ளூர், வட்டார ரயில்களுக்கான மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஐசிஇ என்ற ஜெர்மன் அதிவேக ரயிலில் ஏறாதீர்கள், அபராதம் கட்ட நேரும். ஐசிஇயில் இருக்கை உறுதியாக வேண்டுமென்றால் பொதுவாகத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும்; டிஜிவி டிக்கெட்டிலேயே இருக்கை வந்துவிடும்.

அப்புறம், எல்லை தாண்டும்போது பாஸ்போர்ட்டும் வதிவிட அட்டையும் கையில் இருக்கட்டும். பாரிஸில் நம்மவர் கடைகள் இருக்கிற லா சப்பலில் சாமான் வாங்கிக்கொண்டு நடந்தே கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் போய்விடலாம்தான். ஆனால் அங்கிருந்து லண்டனுக்கு யூரோஸ்டார் ரயில் ஏறுவதென்றால் பாஸ்போர்ட் சோதனை அங்கேயே நடக்கும், முன்கூட்டியே போய்விடுங்கள். ஷெங்கன் விசா பிரிட்டனுக்குச் செல்லாது.