கிரெப் வேகமா, ஆக் வேகமா என்று கேட்கும் முன்

ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கமாண்டுகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பு, மெதுவாக ஓடினால் பலரும் முதலில் கேட்பது, வரிகளைத் தேடித் தரும் கிரெப் வேகமா, வரிகளைப் பிரித்து வேலை செய்யும் ஆக் வேகமா என்பதுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் கிரான், இரவு 2 மணிக்குத் தொடங்கி வைக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று, காலையில் நான் ஈசூனில் ரயில் ஏறும்போதும் ஓடிக்கொண்டே இருந்தது. திறந்து பார்த்தால் எந்தக் கமாண்ட் மேலும் தப்பில்லை, அவற்றை நான் கூப்பிட்ட விதம்தான் தப்பு.

வரிக்கு வரி திரும்பத் திரும்ப ஓடும் வைல் ரீட் சுற்றைப் போட்டு லாக் கோப்பை வரி வரியாக எடுத்து, தேதிக்கு ஒரு கட் (வரியில் ஒரு பகுதியை வெட்டி எடுக்கும் கமாண்ட்), பயனர் பெயருக்கு இன்னொரு கட், பிழை வரியா என்று பார்க்க ஒரு கிரெப் என்று எழுதியிருந்தேன். வரிக்கு 3 நிரல். கோப்பில் 200,000 வரி என்றால் 600,000 முறை புதிதாக ஒரு நிரலைத் தொடங்கி முடிக்க வேண்டும், ஒரு முறைக்கு 1 மில்லிவினாடி என்று குறைவாக வைத்துக்கொண்டாலும் அதற்கு மட்டுமே 10 நிமிடம் போய்விடும், உண்மையான தேடல் வேலை அதில் ஒரு துளிதான். வெங்காயத்துக்கு ஒரு தடவை, கறிவேப்பிலைக்கு ஒரு தடவை என்று தேக்கா சந்தைக்குப் போய்வருவது போல. போதாக்குறைக்கு, வரிகள் பைப் வழியாக, அதாவது இன்னொரு கமாண்டிடமிருந்து நேராக வந்தால் ரீட் ஒவ்வொரு பைட்டாகத்தான் வாசிக்கும், ஏனென்றால் வரி முடிவைத் தாண்டி எடுத்துவிட்டால் திருப்பிக் கொடுக்க வழியில்லை. இந்த முழு வேலையையும் ஒரே ஒரு ஆக் செய்துவிடும்: கோப்பை அதனிடம் கொடுங்கள், பிழை வரியைத் தேர்ந்து தேதி, பயனர் பெயர் என்ற இரண்டு புலங்களையும் அச்சிடச் சொல்லுங்கள், வைல் ரீட்டே வேண்டாம்.

இதோடு ஒப்பிட்டால், கோப்பை அப்படியே வெளியே தரும் கேட் கமாண்டைப் போட்டுக் கிரெப்புக்கு அனுப்புவது சின்ன விஷயம். அதைப் பார்த்ததும் திட்டுகிறவர்கள் உண்டு, ஆனால் ஸ்கிரிப்ட் முழுவதற்கும் ஒரு முறைதானே ஓடுகிறது. எண்ணிக்கை மட்டும் வேண்டுமென்றால் கிரெப்பின் மைனஸ் சி என்ற விருப்பம் போதும், அப்படியே எழுத்துக்கு எழுத்து தேடுவதென்றால் மைனஸ் எஃப் போடுங்கள், கிரெப் தனி அர்த்தம் கொடுக்கும் புள்ளியும் நட்சத்திரமும் தேடலைக் குழப்பாது. ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்கும் யூனிக் அடுத்தடுத்து வரும் வரிகளை மட்டுமே ஒப்பிடும் என்பதை மறந்துவிட்டு, வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட் இல்லாமல் அதைப் போட்டுத் தப்பான எண்ணிக்கையை நம்புகிறவர்களும் நிறைய.

தமிழ் எழுத்து வரும் கோப்பென்றால் இன்னும் கவனம் வேண்டும். ‘சிங்கப்பூர்’ என்று பார்த்தால் நமக்கு 6 எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் அது 11 குறிகள், அந்தக் குறிகளைப் பைட்டாக எழுதும் யூடிஎஃப்-8 முறையிலான கோப்பில் 33 பைட். எண்ணிச் சொல்லும் டபிள்யூசி கமாண்டின் மைனஸ் சி 33 என்று சொல்லும், மைனஸ் எம் 11 என்று சொல்லும், 6 என்று இரண்டுமே சொல்லாது. பைட் கணக்கில் முதல் 10ஐ வெட்டினால் ‘சிங’ வரை வந்து, அதன்பின் புள்ளியின் ஒரு பைட் மட்டும் உடைந்து நிற்கும். ஆகவே தமிழ்ப் பெயரை நீளம் வைத்து வெட்டாதீர்கள், புலம் வைத்துப் பிரித்தெடுங்கள்.

வேகத்துக்காக, எந்த மொழி விதிப்படி வேலை செய்வது என்று கமாண்டுகளுக்குச் சொல்லும் எல்சி ஆல் என்ற மாறியில் ‘சி’ போடச் சொல்வார்கள். வெறும் ஆங்கில லாக் கோப்புக்கு அது நல்ல யோசனை, நானே செய்கிறேன். பெயர்ப் பட்டியலுக்குச் செய்யாதீர்கள். அப்போது சார்ட் பைட் வரிசையில்தான் அடுக்கும், யூனிகோடில் ன என்பது நவுக்கும் பவுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது, அதனால் கனிமொழி கபிலனுக்கு முன்னால் வந்துவிடுவார். நம் அகரவரிசையில் ன கடைசி மெய், கபிலன்தான் முதலில் வர வேண்டும். சமூக மன்றப் பொங்கல் நிகழ்ச்சிக்குப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியலை இப்படி அச்சிட்டு ஒட்டினால், வாசலில் நின்று தன் பெயரைத் தேடும் பாட்டிக்கு அது கிடைக்காது.

அதே பட்டியலில் முகவரியும் இருக்கும், ‘புளோக் 212, #08-41’ என்று, மேற்கோள் குறிக்குள் ஒரு காற்புள்ளியோடு. கட் கமாண்டுக்கு மேற்கோள் குறி தெரியாது, அங்கேயே வெட்டிவிடும், பிறகு தொலைபேசி எண் இருக்க வேண்டிய இடத்தில் மாடி எண் வந்து நிற்கும். 1977இல் பெல் ஆய்வகத்தில் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் சேர்ந்து எழுதிய ஆக் நிரலுக்கும் வெகுகாலம் இதே குறைதான். 2023இல் கெர்னிகனின் பதிப்பிலும் ஜிஎன்யூ ஆக் 5.3இலும் இப்படிக் காற்புள்ளியால் பிரித்த கோப்புகளுக்கென்று சிஎஸ்வி என்றே ஒரு விருப்பம் வந்துவிட்டது. உங்கள் சர்வரில் இருப்பது பழைய பதிப்பென்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், பைத்தானின் சிஎஸ்வி நூலகத்துக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், ஒரு கோப்பை சார்ட் செய்து, வரும் வெளியீட்டை அதே பெயருள்ள கோப்புக்கே திருப்பிவிடாதீர்கள். சார்ட் அதைத் திறப்பதற்கு முன்பே ஷெல் கோப்பைக் காலி செய்துவிடும், மிஞ்சுவது 0 பைட். மைனஸ் ஓ போட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், முழுவதையும் படித்து முடித்த பிறகுதான் சார்ட் எழுதும்.